எண்பது ஆனதும் அடித்த மணி

என் மனைவியின் வாட்ச்சில் சார்ஜ் இருபதுக்குக் கீழே இறங்கினால் போதும், எனக்கு வேறு வேலை ஓடாது. சிரிப்பவர்கள் சிரிக்கட்டும். தறிக்காரன் பாவு நூல் அறுவதைப் பார்த்துப் பயப்படலாம், பட்டு விலையைப் பார்த்துப் பயப்படலாம், பேட்டரியைப் பார்த்துப் பயப்படுவானா என்று என் மச்சான்கூடக் கேட்டார். அவருக்கென்ன, அவர் மனைவி நன்றாக இருக்கிறாள்.

போன தை மாதம் ஒரு காலையில் மார்க்கெட்டில் கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தவள் அப்படியே சரிந்து விழுந்தாள். கால் நிமிடத்தில் எழுந்து உட்கார்ந்து, "பையி எங்க?" என்று கேட்டாள். இதயத் துடிப்பு எப்போதாவது மெதுவாகி, ஒரு கணம் நின்று, மறுபடி ஓடுகிறது போல என்றார் டாக்டர். ஒரு நாள் முழுக்க நெஞ்சில் ஒயர் ஒட்டிப் பார்த்தார்கள். அன்றைக்கு அது நல்ல பிள்ளையாக ஓடித் தொலைத்தது. "வர்றப்ப பிடிக்கணும், அப்பதான் என்ன செய்யறதுனு முடிவு பண்ண முடியும்" என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

சென்னையில் வேலை பார்க்கும் எங்கள் மகள் மறுவாரமே அந்த வாட்ச்சை வாங்கி வந்து அம்மா கையில் கட்டினாள். துடிப்பு ரொம்ப இறங்கினால் என் போனும் அவள் போனும் சேர்ந்து கத்தும். "ஒரே ஒரு விஷயம்பா. சார்ஜ் மட்டும் தீர்ந்துடக் கூடாது. தூங்கும்போதும் கையில இருக்கணும்" என்றாள். அவள் பஸ் ஏறிய நேரத்திலிருந்து என் பயம் மனைவியின் நெஞ்சிலிருந்து கிளம்பி அந்தச் சின்னக் கண்ணாடிக்குள் போய் உட்கார்ந்துகொண்டது.

எண்பதுக்கு மேல் ஏற்றாதீர்கள், இருபதுக்குக் கீழே விடாதீர்கள், பேட்டரி ஆயுசு குறையும் என்று போன் ரிப்பேர் கடைக்காரர் சொன்னார். ஆயுசு என்ற வார்த்தையை அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். எனக்கு அது வேறு மாதிரி கேட்டது.

ஒருமுறை மாகறல் கோயிலுக்குப் போனோம். பாதி வழியில் பார்க்கிறேன், பதினொன்று. முந்தின நாள் சார்ஜ் போட மறந்திருக்கிறேன். கோயில் வாசல் டீக்கடையில் கெஞ்சிக் கூத்தாடிப் பிளக் கேட்டேன். கடைக்காரர் எடுத்துக் கொடுத்தது போன் ஒயர். வாட்ச்சுக்கு அது சேராது, அதற்கென்று வட்டமாக ஒரு தட்டு இருக்கிறது, அது வீட்டில் கிடந்தது. இவளோ நிதானமாகப் பிராகாரம் சுற்றிக்கொண்டிருந்தாள். நான் பின்னாலேயே போய் ஒவ்வொரு சுற்றுக்கும் அவள் மணிக்கட்டைத் திருப்பிப் பார்த்தேன். ஒன்பது. ஏழு. சாமியைக் கும்பிட்டேனா என்று இன்றைக்கும் நினைவில்லை.

"இன்னாங்க இது, என் உசுரு நெஞ்சுல இருக்குதா, இந்த டப்பாலயா?" என்றாள் ஆட்டோவில். எனக்கே சந்தேகமாக இருந்தது.

அதற்குப் பிறகு சார்ஜ் போட ஒரு நேரத்தை முறையாக வைத்துக்கொள்ள வேண்டும் என்று யோசித்தேன். தூங்கும்போது கழற்ற முடியாது. குளிக்கும்போது உள்ளே தனியாக இருப்பாள். சமைக்கும்போது எதிரே நெருப்பு. கடைசியில் தறியில் உட்காரும் நேரம் என்று முடிவு செய்தேன். எப்படியும் தறிக்கு வந்தால் கையில் ஒன்றும் போடக் கூடாது. மோதிரம், வளையல், வாட்ச் எல்லாம் கழற்றி வைத்துவிட்டுத்தான் எங்கள் வீடுகளில் பட்டைத் தொடுவோம். வாட்ச்சின் கொக்கி ஒரு இழையை இழுத்தால் புடவை முழுக்க அது தெரியும். அதோடு, தறியில் அவள் என் பக்கத்திலேயே இருக்கிறாள். அதைவிடப் பத்திரமான இடம் எது? அந்த முடிவை எடுத்த அன்று எனக்கு உள்ளுக்குள் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

நாங்கள் நெய்வது கோர்வைப் புடவை. உடல் ஒரு நிறம், கரை ஒரு நிறம், இரண்டையும் இழைக்கு இழை கோத்துக்கொண்டே போக வேண்டும். ஒரு ஆளால் ஆகாது. நான் தறிக்குழியில் கால் விட்டு உட்கார்ந்து உடலையும் இடது கரையையும் பார்ப்பேன். அவள் என் வலது பக்கம் உட்கார்ந்து வலது கரைக்கான நூல் வைத்த நாடாக் கட்டையை ஓட்டி என் கைக்கு அனுப்புவாள். அவள் நாடா வந்தால்தான் நான் கோத்து, இழையை நெருக்கும் பலகையை இழுத்து அடிக்க முடியும்.

பிளக் இருந்தது இடது சுவரில். வாட்ச் அதன் தட்டில் கிடந்தது. எண்பது ஆனதும் என் போனில் மணி அடிக்கும்படி மகள் செய்து வைத்திருந்தாள். நான் அந்த மணியையும் நம்பவில்லை. நெய்துகொண்டே கழுத்தைத் திருப்பித் திருப்பி எண்ணைப் பார்ப்பேன்.

அன்று காலை பதினோரு மணி இருக்கும். எழுபத்தாறு. எழுபத்தேழு. நாடா கொஞ்சம் தாமதமாக வந்தது.

"இன்னாமா, கையில வேகத்தையே காணோம்?" என்றேன், சுவரைப் பார்த்தபடி.

நாடா வந்தது. இன்னொன்று வந்தது, இன்னும் மெதுவாக. எழுபத்தெட்டு. அடுத்ததற்குக் கையை நீட்டிக்கொண்டு காத்திருந்தேன். நாடா வரவில்லை.

திரும்பினேன். அவள் தலை பாவின் மேல் சாய்ந்து கிடந்தது. விரல்கள் நாடாவைப் பிடித்தபடியே இருந்தன. முகம் கஞ்சி போட்ட துணி மாதிரி வெளுத்திருந்தது. குழியிலிருந்து எப்படி ஏறி வந்தேன் என்று தெரியாது. கத்தினேன், பக்கத்து வீட்டார் ஓடி வந்தார்கள். தரையில் படுக்க வைத்து அவள் தலையை மடியில் தாங்கிக்கொண்டு, மூக்கருகே விரலை வைத்தேன். மூச்சு வருகிறதா இல்லையா என்றே தெரியவில்லை. வாழ்க்கையில் அப்படி ஒரு பயத்தை நான் அறிந்ததில்லை.

அப்போது சட்டைப் பையில் போன் மணி அடித்தது. எண்பது ஆகிவிட்டதாம்.

ஆட்டோவில் பாதி வழியில் கண்ணைத் திறந்தாள். "நாடா கீழ வுழுந்துடுச்சா?" என்று கேட்டாள். எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

ஆஸ்பத்திரியில் டாக்டர், சென்னையிலிருந்து ஓடி வந்த மகளிடம் வாட்ச் கணக்கைக் காட்டச் சொன்னார். காலையிலிருந்து கோடு அழகாக ஓடியிருந்தது. தறியில் உட்கார்ந்த நேரத்தில் மட்டும் கோடே இல்லாமல் வெள்ளையாக இருந்தது. "விழறதுக்கு முன்னாடி ஏதாவது தெரிஞ்சுதா? திடீர்னு விழுந்தாங்களா?" என்று என்னிடம் கேட்டார்.

திடீரென்று இல்லை என்று எனக்குத் தெரியும். மூன்று நாடா, இல்லை நாலு, தாமதமாக வந்தன. அவள் துடிப்பு இறங்கியது என் வலது கைக்கு ஒவ்வொரு நாடாவாக வந்துகொண்டிருந்தது. அதைச் சொன்னேன். அவர் எழுதிக்கொண்டார். அப்போது அவளிடம் நான் என்ன சொன்னேன் என்பதைச் சொல்லவில்லை.

மறுநாள் அங்கேயே கட்டிலில் இன்னொரு முறை மயக்கம் வந்தது. இந்த முறை அவர்கள் மெஷினில் பிடித்துவிட்டார்கள். தோள்பட்டைக்குக் கீழே தோலுக்குள் பேஸ்மேக்கர் வைத்தார்கள். தீப்பெட்டி அளவு. அதற்கும் பேட்டரி உண்டாம்.

"சார்ஜ் எப்படி சார் போடுறது?" என்றேன்.

டாக்டர் சிரித்தார். "போடவே வேணாம். பல வருஷம் வரும். செக்கப்புக்கு வாங்க, நாங்க பாத்துச் சொல்றோம்."

"நடுவுல எவ்ளோ இருக்குதுனு நான் எங்க சார் பாக்குறது?"

"நீங்க பாக்க வேணாம்" என்றார்.

பார்க்க வேண்டாமாம். சொல்வதற்கு அவருக்கு எப்படித்தான் வாய் வந்ததோ.

மூன்று மாதம் கழித்து, கையை வீசலாம் என்று டாக்டர் சொன்ன பிறகு, மறுபடி தறிக்கு வந்து உட்கார்ந்தாள். வாட்ச்சை மகள் கொண்டுபோய்விட்டாள். இடது சுவரில் வெறும் பிளக்தான் இருக்கிறது. நான் அந்தப் பக்கம் திரும்புவதே இல்லை. ஒவ்வொரு நாடாவுக்கும் அவள் விரலைப் பார்க்கிறேன், முகத்தைப் பார்க்கிறேன், பிறகுதான் பலகையை இழுக்கிறேன். முன்பு ஒரு நாளில் நெய்த அளவுக்கு இப்போது இரண்டு நாள் ஆகிறது.

நேற்று அவள் நாடாவை நீட்டிக்கொண்டு காத்திருந்துவிட்டு, "இன்னாங்க, கையில வேகத்தையே காணோம்?" என்றாள்.

விளையாட்டாகத்தான் சொன்னாள். அன்று நான் அவளிடம் சொன்னது இதே வார்த்தைகள் என்பது அவளுக்கு நினைவில்லை. நானும் இதுவரை சொல்லவில்லை. நாடாவை வாங்கிக்கொண்டேன்.