பைராகிக்கு ஒரு காப்பி

போன வாரம் சித்தூரிலிருந்து புத்தூருக்கு வரும் பஸ்ஸில் என் பக்கத்து சீட்டில் ஒரு பைராகி. உடம்பெல்லாம் வெள்ளை மண் பூச்சு, கழுத்தில் கொன்றைக்காய் மாலை, கையில் ஸ்மார்ட்போன். கண்டக்டர் டிக்கெட் கேட்டதுதான் தாமதம்... அவருடைய பரம்பரையையே இழுத்துத் திட்டித் தீர்த்துவிட்டார் பைராகி. கண்டக்டர் என்ன செய்தார் தெரியுமா? கன்னத்தில் போட்டுக்கொண்டு நகர்ந்துவிட்டார்.

கங்கம்மா ஜாத்திரை சமயம். ஊரை ஆட்டிப்படைத்த பாளையக்காரனைத் தேடி அம்மன் மாறுவேஷத்தில் அலைந்தாளாம். அதை வருஷா வருஷம் நடித்துக் காட்டுகிறோம். நேர்ந்துகொண்டவர்கள் வேஷம் கட்டி வீடு வீடாகப் பிச்சை கேட்பார்கள், கண்டபடி திட்டுவார்கள். திட்டினால் ஆசீர்வாதம். வேஷம் கட்டியவர் கேட்டதை இல்லை என்று சொல்லவும் கூடாது.

அந்த சீட்டில்தான் எனக்குப் பொறி தட்டியது. தாமு அண்ணனுக்கு இந்த வேஷத்தைக் கட்டிவிட்டால் என்ன?

(எனக்கு எதற்கு பஸ்? நைனாவின் ஸ்கூட்டர் இருக்கிறதே என்பீர்கள். நைனா என்றால் அப்பா. சென்னை வேலையை விட்டுவிட்டு வந்ததிலிருந்து நானும் நைனாவும் பேசிக்கொள்வதில்லை. சாவி வேண்டுமென்றால் அம்மா வழியாகத்தான் விண்ணப்பம். அன்றைக்கு அம்மா ஊரில் இல்லை.)

தாமு அண்ணன் எங்கள் எதிர்வீடு. சத்தியவேடு பக்கம் ஒரு ஃபேக்டரியில் மெஷின் ஆபரேட்டர். தெருவில் யார் போனாலும், "வா, ஒரு வாய் துன்னுட்டுப் போ" என்று இழுத்து உட்கார வைப்பவர். அவர் வேலை பார்த்த லைனை மூடி, ஆட்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அன்றிலிருந்து யார் வீட்டிலும் அவர் ஒரு வாய் காப்பி குடித்ததில்லை. வேலை கேட்பாரா? வாயே திறக்கமாட்டார். மாம்பழக்கூழ் கம்பெனியில் சூப்பர்வைசராக இருக்கும் கிருஷ்ணப்பா எங்கள் ஊர்தான். அண்ணனோடு ஒரே வகுப்பில் படித்தவர். அவரிடம்கூடக் கேட்கவில்லை. ஒரே வகுப்பு என்பதால்தான் கேட்கவில்லையோ...

நேரே அண்ணனிடம் போய் வேஷத்தைப் பற்றிச் சொன்னேன்.

"பிச்சையா? நானா?" என்றார். "இன்னாடா, பட்ச்ச பையன் மாதிரியா பேசற?"

"மொக்குண்ணா. நேர்ந்துகினது."

"யாரு நேர்ந்துகினது?"

மாட்டிக்கொண்டேன். உள்ளேயிருந்து அண்ணி கல்பனாவின் குரல் வந்தது. "நான்தான். சின்னதுக்கு ஜுரம் வந்தப்ப."

"என்கிட்ட சொல்லவேல்ல?"

"எதைச் சொன்னா நீ காதுல வாங்கிக்கினு கீற?"

அண்ணி என்னைத் திரும்பியும் பார்க்கவில்லை. அந்த வேண்டுதல் எப்போது பிறந்தது என்று எங்கள் இருவருக்கும் தெரியும் — அந்த நிமிஷம்தான்.

இந்த வருஷம் ஃபேக்டரியும் படுத்தது, மாங்காய் விலையும் படுத்தது. வாரமெல்லாம் நடக்கும் ஜாத்திரையை எங்கள் ஊரில் சனி, ஞாயிறோடு சுருக்கிவிட்டார்கள். சனிக்கிழமை காலை, வெள்ளை மண்ணைக் குழைத்து நானே பூசிவிட்டேன்.

முதல் வீட்டு வாசலில் அண்ணன் கல்லாக நின்றார். பாக்யம் அக்கா முறத்தில் அரிசியோடு வந்து பார்த்தாள். யாரென்று தெரியாமலா இருக்கும்?

"இன்னா சாமி, திட்டாம நிக்கற? வாய்ல கொழுக்கட்டையா?"

அண்ணன் தொண்டையைச் செருமினார். "போன ஜாத்திரைக்கு வாங்கினு போன என் ஏணி எங்கடி, களவாணி?"

தெருவே சிரித்தது. அக்கா பக்தியோடு கும்பிட்டாள். ஏணி என்னவோ இன்னும் திரும்பவில்லை.

அப்புறம் அவரைப் பிடிக்க முடியவில்லை. மாங்காய் புரோக்கரைத் திட்டினார். கரண்ட் ஆபீஸ்காரரைத் திட்டினார். என்னை இரண்டு மொழியில் திட்டினார். ஒரு வீட்டில் களியும் கருவாட்டுக் குழம்பும் கொடுத்தார்கள். அங்கேயே குந்தி, வழித்து வழித்துத் தின்றார். எதிர்ப்பக்கம் நின்றிருந்த அண்ணி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். வெயில் அப்படி.

கடைசியாக கிருஷ்ணப்பா வீடு.

"டேய், ஒரே பெஞ்ச்ல குந்திக்கினு என் சிலேட்டைப் பாத்து எழுதனவன்டா நீ. இன்னைக்கு சூப்பர்வைசரா?"

கிருஷ்ணப்பா சிரித்துக்கொண்டே கைகூப்பினார். "உண்மைதான் சாமி. உனக்கு இன்னா வேணும், சொல்லு."

அரிசி என்று சொல்லியிருக்கலாம். அண்ணன் கொன்றைக்காயை உருட்டிக்கொண்டே நின்றார். பிறகு, பக்கத்தில் இருந்த எனக்கே சரியாகக் கேட்காத குரலில் சொன்னார்.

"வேலை."

சிரிப்பு நின்றுபோனது. கிருஷ்ணப்பாவின் மனைவிதான் தெலுங்கில் முணுமுணுத்தாள்: "தேவுடு அடிகிதே லேதனகூடது." சாமி கேட்டால் இல்லை என்று சொல்லக்கூடாதாம்.

"சீசன் வரைக்கும்தான் சாமி," என்றார் கிருஷ்ணப்பா. "திங்கக்கிழமை வா." கொஞ்சம் யோசித்து, "குளிச்சிட்டு வா," என்றார்.

சீசன் எத்தனை நாள் நீடிக்கும்? அப்புறம் என்ன? எனக்குத் தெரியாது. அவருக்கும் தெரியாது.

ஆனால் ஞாயிறு சாயங்காலம் எங்கள் வாசலில் செருப்புச் சத்தம். தாமு அண்ணன். மண் இல்லை, மாலை இல்லை. தேய்த்துக் குளித்த முகம், காதோரம் மட்டும் கொஞ்சம் வெள்ளை. அம்மா ஊரிலிருந்து வந்திருந்தாள்.

"யக்கா, ஒரு வாய் காப்பி கெடைக்குமா?"

வேஷத்தில் வேலை கேட்டதைவிட இது பெரிது என்று எனக்குத் தோன்றியது. அம்மா பெரிய டம்ளரை எடுத்தாள்.

இந்த வாரம் நானும் ஒன்று முயன்று பார்க்கப்போகிறேன். மண் பூசாமல், அம்மாவைத் தூது அனுப்பாமல், நேரே போய் நைனாவிடம் ஸ்கூட்டர் சாவியைக் கேட்கப்போகிறேன்.

நான் சாமி இல்லை... அவர் தாராளமாக இல்லை என்று சொல்லலாம்.