மூன்று மேசைக்கு ஒருவர்

ஓய்வூதியக் காகிதம் ஒன்றுக்காக எருத்தேன்பதியிலிருந்து பஸ் ஏறிக் கருவூலத்துக்குப் போனபோதுதான் அந்தக் கணக்கரைப் பார்த்தேன். குள்ளமான ஆள், நரைத்த மீசை, தேய்ந்த செருப்பு. அந்த அறையில் மேசை மூன்று, ஆள் அவர் ஒருவர்தான்.

என் காகிதத்தை முதல் மேசையில் சரிபார்த்தார். எழுந்துபோய் இரண்டாவது மேசையில் உட்கார்ந்து பதிந்தார். பிறகு மூன்றாவதற்கு நடந்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"ஏனுங்க, நாற்காலி வெளையாட்டா இது? ஒரே எடத்துல உக்காந்து முடிச்சா என்ன?"

"முடிக்கலாமுங்க. அப்புறம் ஒரு ஆளே போதும்னு மத்த ரெண்டு போஸ்டையும் மேலிடத்துல வெட்டிருவாங்க. காலி சீட்டு வேலையைத் தொடாதேன்னு எங்க ஊழியர் சங்கத்துல சொல்றாங்க. தொடலீன்னா நீங்க வெறுங்கையோட போகோணும். அதான் அந்தந்த சீட்டு வேலையை அந்தந்த சீட்டுலயே செய்ய நடக்கறனுங்க."

"உங்க மேல புகார் எழுதப் போறேன்!"

"எழுதுங்க" என்று தாளையும் பேனாவையும் நீட்டினார். "மூணு மேசைக்கு ஒரு ஆள், அதனால நேரமாச்சுன்னு எழுதுங்க. நாங்க சொன்னா சங்கக்காரன் கத்தறான்னு தூக்கிப் போட்டுருவாங்க. பென்சன்காரர் எழுதினா பதில் சொல்லியாகோணும்."

அவரைத் திட்டி எழுத உட்கார்ந்தவன், அவர் சொன்னதையே இரண்டு பக்கம் எழுதினேன். நடுவில் அரசையும் வசமாகத் திட்டினேன். அவர் நிதானமாக வாசித்துவிட்டு, "இன்னொரு வரி சூடா போடலாமுங்க" என்றார்.

போட்டேன். என் கோபத்தையே வேலைக்கு வைத்துக்கொண்ட அந்த மனிதரை நல்லவர் என்பதா, கெட்டிக்காரர் என்பதா? இன்றும் எனக்குப் பிடிபடவில்லை.