வாசலில் சொன்ன 'சரி'

கடையைத் திறக்கும் முன் தெய்ஜி தினமும் ஒரு காரியம் செய்வார். வெள்ளைச் சட்டையை மாட்டிக்கொண்டு மனைவி இகுயோவின் முன்னால் வந்து நின்று கழுத்தைக் குனிந்து கொடுப்பார். அவள் எட்டி, காலருக்குப் பக்கத்தில் மூக்கை வைத்து ஒரு மூச்சு இழுத்து, "சரி" என்பாள். அந்தச் சொல் வந்த பிறகுதான் வாசலில் நீலத் துணி தொங்கும். துணி தொங்கினால் கடை திறந்துவிட்டது என்று ஜப்பானில் கனஸவா ஊரின் அந்தச் சந்து முழுக்கத் தெரியும். கல்யாணமான வாரத்தில் தொடங்கிய பழக்கம். சோப்பு வாசனை, தலை எண்ணெய் வாசனை, முந்தின நாள் குடித்த வாடை, எதுவும் ஆகாது. வெதுவெதுப்பான வினிகர் சோற்றுக்கும் பச்சை மீனுக்கும் நடுவே இன்னொரு வாசனை புகுந்துவிட்டால் அது சுஷியே இல்லை என்பது அவர் கட்சி.

"பாதி என் கை, பாதி உன் மூக்கு. அவ்வளவுதான் இந்தக் கடை" என்பார். அந்த மனிதர் வாயிலிருந்து வந்த ஒரே காதல் வசனம் அதுதான்.

அந்த மூக்கு பிப்ரவரியில் போய்விட்டது.

ஒரு காய்ச்சல் விட்ட மறுநாள் காலையில் இகுயோ சூப்பைக் குடித்தாள். உப்புப் போட்ட வெந்நீர் மாதிரி இருந்தது. சளிதான், இரண்டு நாளில் சரியாகும் என்று நினைத்தாள். அன்று மாலை தெய்ஜி வழக்கம்போல் வந்து குனிந்தார். மூச்சை இழுத்தாள். சட்டையும் இல்லை, மனிதரும் இல்லை, வெறும் காற்று. அப்போதே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. "சரி" என்றாள். அவர் போய்த் துணியை மாட்டினார். அந்த நிமிஷத்திலிருந்து அவளுக்குப் பயம் பிடித்துக்கொண்டது.

இகுயோ கல்யாணத்துக்கு முன்னால் பெரிய துணிக்கடையின் தரைத்தளத்தில் சென்ட் விற்றுக்கொண்டிருந்தவள். ஆள் நடந்து போனால் போதும், நேற்று பூசியதா, இன்று பூசியதா, சட்டையில் தெளித்ததா, மணிக்கட்டில் தடவியதா என்று சொல்லிவிடுவாள். அவள் மேஜையைக் கடந்தபோது மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடிய ஒரே ஆண்பிள்ளை தெய்ஜி. அவள் துரத்திப் போய், "அவ்வளவு நாத்தமாங்க?" என்று கேட்டாள். அவர் அரண்டுபோய், தான் சுஷிக் கடையில் வேலை பழகுகிறவன் என்று ஏழு தடவை மன்னிப்புக் கேட்டார். அப்படித்தான் பழக்கம் ஆனது. மாமியார் மட்டும் கல்யாணம் முடியும்வரை முணுமுணுத்துக்கொண்டிருந்தார். "சென்ட்டு விக்கறவளை சுஷிக் கடைக்குக் கொண்டு வரான். பூனையை மீன் காவலுக்கு வெச்ச மாதிரிதான்."

அந்த வாயை அடைக்கத்தான் இகுயோ அன்றிலிருந்து ஒரு சொட்டு வாசனைகூடப் பூசியதில்லை. துணிக்கடையில் கூட வேலை பார்த்த பெண்கள் கல்யாணப் பரிசாகக் கொடுத்த ஒரு சென்ட் குப்பி மட்டும், மூடி திறக்காமல், அலமாரியின் அடி இழுப்பறையில் கிடந்தது. வாசனையைத் தூக்கிப் போட்டாளே தவிர மூக்கைப் போடவில்லை. அதை வைத்துத்தான் வாசலில் நின்றாள். போனில் இடம் கேட்கிறவர்களிடம், "ரொம்ப மன்னிக்கணும், அன்னைக்கு மட்டும் சென்ட்டு எதுவும் பூசாம வர முடியுங்களா?" என்று நான்கு வணக்கத்தோடு சொல்வாள். அப்படியும் பூசிக்கொண்டு வருகிறவர்கள் உண்டு. அவர்களை முகம் சுளிக்காமல் கதவோரம் உட்காரவைத்து, சூடான ஈரத்துண்டு கொடுத்து, "வெளில புழுக்கமா இருக்கும், கையைத் துடைச்சுக்கங்க" என்பாள். தான் துடைக்கவைக்கப்பட்டோம் என்பதே வந்தவருக்குத் தெரியாது. அதுதான் அவள் கெட்டிக்காரத்தனம். மீன் வெட்டத் தெரியாது, சோறு பிடிக்கத் தெரியாது. இது ஒன்றுதான் அந்தக் கடையில் அவளுடையது.

அது போய்விட்டது என்று எந்த வாயால் சொல்வது?

பக்கத்து ஊருக்கு ரயில் ஏறிப் போய், தெரிந்தவர் யாரும் வராத ஒரு மருத்துவரைப் பார்த்தாள். "வரலாம். வராமலும் போகலாம். பொறுமையா இருங்க" என்றார் அவர். இதைச் சொல்ல அவ்வளவு படிப்பு எதற்கு என்று திட்டிக்கொண்டே திரும்பினாள்.

வீட்டுக்கு வந்ததும் ஆற்றாமையில் ஒரு முட்டாள்தனம் செய்தாள். இழுப்பறையிலிருந்து அந்தக் குப்பியை எடுத்துத் திறந்து மூக்கோடு ஒட்டிப் பிடித்தாள். ஒன்றுமில்லை. இன்னும் ஆழமாக இழுத்தாள். கண்ணில் நீர் வந்ததே ஒழிய வாசனை வரவில்லை. மூடியைப் போடும்போதுதான் கவனித்தாள், விரல் ஈரமாக இருந்தது. குப்பி கசிந்திருக்கிறதா? அல்லது கையில் இருந்த வியர்வையா? பாயில் ஏதாவது சொட்டியதா? எப்படித் தெரியும்? தோல் சிவக்கும்வரை கையைத் தேய்த்துக் கழுவினாள். சட்டையை மாற்றினாள், பாயைத் துடைத்தாள், ஜன்னலை எல்லாம் திறந்துவிட்டாள். குப்பியை மூன்று பைக்குள் சுற்றித் தொலைவில் ஒரு குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டு வந்தாள். அப்படியும் தன் மேல் சென்ட் வீசுகிறதோ என்ற சந்தேகம் மட்டும் போகவில்லை.

தெய்ஜி ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் இந்த ஊரில் யார்தான் எதைச் சொல்கிறார்கள்? மேல் சட்டையில் ஓட்டை என்றால்கூட "இன்னைக்குக் காத்து நல்லா வருது" என்பார்கள். வாசனை விஷயம் என்றால் கேட்கவே வேண்டாம். முகத்தில் சிரிப்பு மாறாது, குனிந்து வணங்கிவிட்டுப் போவார்கள், அப்புறம் வர மாட்டார்கள். அவ்வளவுதான்.

அதுதான் நடந்தது. மே மாதம் ஒருவர் சென்ட்டில் குளித்தது போல வந்திருக்கிறார். இகுயோ சிரித்த முகத்தோடு அவரைக் கூட்டிப் போய் நடுநாயகமாக உட்காரவைத்தாள். பக்கத்தில் இருந்த தம்பதி பாதியில் எழுந்து போனபிறகுதான், அந்த அம்மாள் கைக்குட்டையை மூக்கில் வைத்திருந்ததன் அர்த்தம் இவளுக்கு உறைத்தது. தெய்ஜி அன்று கத்தியைத் துடைத்தபடி, "சளி இன்னும் இருக்கா உனக்கு?" என்று மட்டும் கேட்டார். "கொஞ்சம்" என்றாள்.

அதையாவது பொறுத்துக்கொள்ளலாம். நாகமோரி டாக்டர் வருவதை நிறுத்தியதுதான் அவளை உலுக்கியது. ஓய்வுபெற்ற பல் மருத்துவர். வியாழக்கிழமை தவறாமல் கடைசி நாற்காலிக்கு வருவார், சாப்பாட்டின் முடிவில் வரும் இனிப்பு முட்டை அடையைச் சாப்பிடாமல் எழுந்ததே கிடையாது. மழைக்காலம் தொடங்கிய வாரம் அவர் இரண்டு தடவை மூக்கைத் தடவினார். இகுயோ தேநீர் ஊற்றப் பக்கத்தில் போனபோது மூன்றாம் தடவை தடவினார். "வயிறு கொஞ்சம் சரியில்லம்மா" என்று முட்டை வருவதற்கு முன்பே எழுந்து போனார். அடுத்த வியாழன் வரவில்லை. அதற்கடுத்த வியாழனும் வரவில்லை. அவரைப் பார்த்து வர ஆரம்பித்த இன்னும் சிலரும் நின்றார்கள்.

நான்தான், என்று முடிவு கட்டினாள் இகுயோ. என் மேல்தான் ஏதோ வீசுகிறது. அந்தக் குப்பி. காலையில் குளித்தாள், மதியம் குளித்தாள், கடை திறக்கும் முன்னால் குளித்தாள். தேநீர் ஊற்றும்போது கையை நீட்டி, உடம்பைத் தள்ளி வைத்துக்கொண்டாள். யாராவது தும்மினால் இரண்டு அடி பின்வாங்கினாள். மாலையில் தெய்ஜி வந்து குனியும்போது மட்டும் மூச்சை இழுத்து, "சரி" என்றாள்.

ஜூலையில் ஒரு மாலை, சாயோ என்ற பெயரில் ஒரே ஒரு நாற்காலி கேட்டிருந்த பெண் வந்தாள். பட்டுச் சால்வை, நீளமான கூந்தல், பளபளக்கும் நகம். மே மாதத்துக்குப் பிறகு இகுயோ கண்ணால்தான் மோப்பம் பிடித்துக்கொண்டிருந்தாள். இவ்வளவு சிங்காரித்தவள் சென்ட் பூசாமலா வந்திருப்பாள்? உள்ளே மூன்று பேர்தான் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களும் போய்விட்டால்?

"மன்னிக்கணும்மா" என்று வாசலிலேயே மறித்தாள். "போன்லயே கேட்டுக்கிட்டேன். இந்த வாசனையோட உள்ள... இன்னொரு நாளைக்கு வர முடியுங்களா?"

சாயோவின் முகம் வெளுத்து, பிறகு சிவந்தது. ஒருத்தியைப் பார்த்து உன் மேல் வீசுகிறது என்று சொல்வதைவிடக் கன்னத்தில் அறைந்திருக்கலாம்.

"நான் ஒண்ணும் பூசலீங்க" என்றாள். "நீங்க சொன்னதுக்காக ஷாம்புகூடப் போடாம வந்திருக்கேன்."

"இல்லம்மா, கொஞ்சம்..."

"வாசனை என்கிட்ட இல்லைங்க. உங்க கடைக்குள்ள இருந்துதான் வருது. வலிப் பிளாஸ்திரி நெடி. சந்து முனையிலயே அடிக்குது. உங்களுக்குத் தெரியலயா?"

உள்ளே கத்திச் சத்தம் நின்றது.

இகுயோ திரும்பிப் பார்த்தாள். தெய்ஜியின் வலது கை தானாகவே இடது தோளைப் பொத்தியிருந்தது. அவர் முகத்தில் அப்படி ஒரு பயத்தை அவள் பார்த்ததே இல்லை.

சாயோ விடுவிடுவென்று நடந்துவிட்டாள். இகுயோ வாசல் செருப்போடு மழையில் ஓடிப்போய், அவள் முன்னால் இடுப்பொடிய வணங்கி நின்றாள். சாயோ பெருமூச்சு விட்டாள். "நான் நாகமோரியோட பொண்ணுங்க. அப்பா ஒரு மாசமா கிடந்து தவிக்கிறாரு. வந்தா நெடி தாங்கல. சொன்னா மாஸ்டர் மனசு ஒடஞ்சிடும்னு சொல்லவும் மாட்டேங்கிறாரு. நெடி போயிடுச்சான்னு பாத்துட்டு வான்னு என்னை அனுப்பினாரு. நான் வந்து நல்லா வாங்கிக் கட்டிக்கிட்டேன்."

இருந்த மூன்று பேரும் அவசரமாகச் சாப்பிட்டுப் போனபிறகு புருஷன் பெண்டாட்டி இருவர்தான் மிஞ்சினார்கள். தெய்ஜி சட்டையைக் கழற்றினார். தோளில் நான்கு பிளாஸ்திரி ஒட்டியிருந்தது. வசந்தத்திலிருந்து கை தோளுக்கு மேல் போகவில்லையாம். கை போய்விட்டது என்று தெரிந்தால் கடையும் போய்விடும் என்று மறைத்திருக்கிறார்.

"இதை ஒட்டின மொத நாள் பயந்துக்கிட்டேதான் உன் முன்னாடி குனிஞ்சேன்" என்றார். "நீ சரின்னுட்ட. சரி, வீசல போலன்னு தினம் ஒட்ட ஆரம்பிச்சுட்டேன். எனக்குப் பழகிப்போயி ஒண்ணும் தெரியல. நீதான் சரின்னியே."

இகுயோவுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. "எனக்கு மூக்கு இல்லைங்க. பிப்ரவரிலயே போயிடுச்சு. நான் சொன்னது எல்லாமே பொய்."

அவர் திட்டுவார் என்று நினைத்தாள். திட்டவில்லை. சட்டையைப் போடாமல் அப்படியே உட்கார்ந்து, "அப்ப நாளைக்கு யாரு மோந்து பாக்கறது?" என்றார். அதைக் கேட்டபோதுதான் அவளுக்கு உண்மையான பயம் வந்தது.

மறுநாள் வியாழன். தெய்ஜி பிளாஸ்திரி ஒட்டவில்லை. வெந்நீரில் தோளை மீண்டும் மீண்டும் தேய்த்துக் கழுவி, வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு சட்டையை மாட்டினார். வாசலில் நாகமோரி டாக்டர் வந்து நின்றார், மகள் போட்ட போட்டில்தான் வந்திருப்பார். தெய்ஜி நேரே அவர் முன்னால் போய்க் கழுத்தைக் குனிந்தார்.

"டாக்டர், மோந்து பாத்துச் சொல்லுங்க."

கிழவர் நடுங்கிப்போனார். ஆயுசு முழுக்க அடுத்தவர் வாயை முகர்ந்து பிழைத்தவர்தான், ஆனாலும் ஒரு சுஷி மாஸ்டரின் கழுத்தை யார் முகர்ந்திருக்கிறார்கள்? காலர் பக்கம் மூக்கை வைத்தார். எடுத்தார். "சரி, மாஸ்டர். ஒண்ணுமில்ல" என்றார். சொல்லும்போதே அவர் கை மெல்ல மூக்குப் பக்கம் போனது.

இகுயோ அதைப் பார்த்தாள். அந்த 'சரி' அவளுக்கு நன்றாகத் தெரியும்.

"பொய் சொல்றீங்க டாக்டர்" என்றாள். "இதே சரியைத்தான் நான் தினம் இவர்கிட்ட சொன்னேன். கடை போகப் பாத்துச்சு. நீங்களும் சொல்லாதீங்க. கையெடுத்துக் கும்பிடறேன்."

நாகமோரி காதுவரை சிவந்தார். "கழுத்துல இல்லம்மா" என்றார் கடைசியில், ஏதோ குற்றம் செய்தவர் போல. "எடது தோள்ல கொஞ்சம் இருக்கு. தோலுக்குள்ள எறங்கியிருக்கும். இன்னும் ரெண்டு மூணு நாள் ஆகும்."

தெய்ஜி குனிந்து வணங்கி, இன்னும் தொங்கவிடாத நீலத் துணியை மடித்து உள்ளே வைத்தார். அன்று கடை இல்லை.

அவர் உள்ளே போனதும் இகுயோ கிழவரின் முன்னால் வந்து நின்றாள். ஐந்து மாதமாகத் தன்னைத் தூங்கவிடாத கேள்வியை இவரிடம்தான் கேட்க முடியும். கண்ணை இறுக மூடிக்கொண்டு தன் கழுத்தைக் குனிந்தாள்.

"என்னையும் பாருங்க டாக்டர்."

அவர் மூச்சு இழுப்பது கேட்டது.

"ஒண்ணுமில்லம்மா" என்றார் நாகமோரி. "நெசமாவே ஒண்ணுமில்ல."

கண்ணைத் திறந்து அவர் கையைப் பார்த்தாள். அது அசையாமல் தொங்கிக்கொண்டிருந்தது. அதன் பிறகுதான் அவள் அழுதாள்.