பார்க்காமல் வாங்கிய கைநாட்டு

துப்பட்டிக்குள்ளே இருப்பது பொம்பளையே இல்லை, மீசை வைத்த ஆம்பளை என்று கலீல் சொன்னான். பினாங்கில் என் கடை வாசலில் நின்றுகொண்டு சொன்னான். நாகப்பட்டினத்துக் கப்பலின் உப்பு வாடை இன்னும் அவன் சட்டையை விட்டுப் போகவில்லை. அவன் கண்ணால் பார்த்ததல்ல. கப்பலில் கூட வந்த திருச்சிக்காரர் ஒருவர் சொன்னாராம். அவருக்கு ஒரு பாங்குச் சேவகன் சொன்னானாம்.

"பொன்னி பாங்கு இருக்குல்ல மச்சான், அதோட கிளைங்கள்ல எவன் சிடுசிடுன்னு பேசுறான், எவன் காக்க வைக்கிறான்னு வாடிக்கைக்காரி மாதிரி போய்ப் பார்த்துட்டு, மேலிடத்துல ஒப்பிக்கிற ஆளாம். ரெண்டு பேருக்குச் சீட்டுக் கிழிஞ்சு போச்சாம்."

"ஆம்பளைன்னு எப்படித் தெரியும்? எவன் துப்பட்டியைத் தூக்கிப் பார்த்தான்?"

"பார்க்க முடியாதுங்கிறதாலதானே ஆம்பளைங்கிறாங்க!"

நான் சிரித்தேன். அவன் சிரிக்கவில்லை. "நெசமாத்தான். ஒரு தடவை கிழவி குரல்ல பேசுமாம், ஒரு தடவை சின்னப் பொண்ணு குரல்ல பேசுமாம். வேணும்னா ஆம்பளைக் குரலும் வருமாம்."

என் சிரிப்பு அங்கேயே நின்றுவிட்டது. அப்படிப் பேசக்கூடிய ஆள் திருச்சியில் எனக்குத் தெரிந்து ஒருவர்தான். என் மனைவி ஆபிதாவின் அக்கா, ஹாஜிரா.

அக்கா பாலக்கரையில் தனியாக இருந்தார். அவர் கணவர் நிஜாமுதீன் ஈப்போவில் காய்ச்சலில் போய்ச் சேர்ந்த பிறகு, ஒரு தையல் மெஷினை வைத்துக்கொண்டு, ரவிக்கையும் குழந்தைகளின் சட்டையும் தைத்துக் காலம் தள்ளினார். கல்யாண வீடுகளில் பெண்கள் பக்கத்தில் அக்கா உட்கார்ந்திருந்தால் அங்கே சிரிப்புச் சத்தம் ஓயாது. மாப்பிள்ளையின் மாமன் எப்படிச் சாப்பாட்டைக் குறை சொன்னார், பள்ளிவாசல் ஹஜ்ரத் எப்படித் தொண்டையைச் செருமினார் என்று அப்படியே பேசிக் காட்டுவார். ஒரு சொல் கூடவும் செய்யாது, குறையவும் செய்யாது. அக்கா வந்தால், பெற்ற தாயான என் மாமியாரே வாயைத் திறக்க மாட்டார், நாளைக்குத் தன் குரலும் சந்தி சிரிக்கும் என்று.

கடல் தாண்டி இருப்பவனுக்கு ஊர்ச் செய்தி பாதிதான் வந்து சேரும். மீதியைப் பயம் நிரப்பிவிடும். அக்காவை யாராவது அடித்துவிட்டார்களோ, ஜமாஅத்தில் கேள்வி வந்துவிட்டதோ என்றெல்லாம் நினைத்து, அந்த வருஷம், முப்பத்தொன்பதில், வழக்கத்துக்கு முன்னாலேயே கப்பல் ஏறிவிட்டேன்.

ஊர் வந்ததும் ஆபிதாவையும் கூட்டிக்கொண்டு பாலக்கரைக்குப் போனேன். அக்கா எதையும் மறைக்கவில்லை. ஆனால் எங்கள் இருவர் முகத்தையும் பார்க்காமல், மெஷினின் சக்கரத்தைக் கையால் மெல்ல உருட்டிக்கொண்டே சொன்னார்.

ஆரம்பித்தது ஒரு சண்டையில். பாலக்கரைக் கிளையில் ஒரு குமாஸ்தா, "பொம்பளைங்கள்லாம் அப்புறம்" என்று அக்காவை மதியம் வரை நிறுத்தி வைத்திருக்கிறான். அக்கா நேராகத் தென்னூருக்குப் போய்விட்டார். பாங்கின் இன்ஸ்பெக்டர் அழகிரியின் வீடு அங்கேதான். அவருடைய மனைவி உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தார். பாதி சாத்திய கதவுக்குப் பின்னாலிருந்து அக்கா அந்தக் குமாஸ்தாவை, அவனுடைய மூக்கடைப்போடு, பேசிக் காட்டினார். கதவுக்கு அந்தப் பக்கம் இன்ஸ்பெக்டர் விழுந்து விழுந்து சிரித்திருக்கிறார்.

சிரித்து முடித்ததும் கேட்டாராம்: "அம்மா, எங்க மத்தக் கிளைங்களுக்கும் போய்ட்டு வந்து, இதே மாதிரி சொல்வீங்களா?"

மலாயாவுக்கும் பர்மாவுக்கும் போனவர்களின் வீட்டுப் பெண்கள் பாங்குக்கு வரத் தொடங்கியிருந்த காலம் அது. இன்ஸ்பெக்டர் கிளைக்குள் நுழைந்தால் எல்லோரும் தேனாகப் பேசுவார்கள். துப்பட்டி போட்ட ஒரு அம்மாவுக்கு முன்னால்தான் நிஜமான முகம் தெரியும் என்று அவர் கணக்குப் போட்டார். வேறு பெயரில் ஒரு கணக்குத் திறந்து கொடுத்தார்கள். அக்கா நசீரா ஆனார். எழுதப் படிக்கத் தெரியாத, ஊர் உலகம் அறியாத நசீரா. ஏழாம் வகுப்பு வரை படித்து, முத்து முத்தாகக் கையெழுத்துப் போடும் எங்கள் அக்கா, நசீராவுக்காகக் கைநாட்டு வைத்தார்.

"ருசி கண்டுட்டேன் தம்பி," என்றார் அக்கா. "வீட்டுக்குள்ளயே கிடந்தவளுக்கு வண்டி வெச்சு ஊரெல்லாம் அனுப்புறாங்க. நான் பேசுறதை ஒரு பெரிய மனுஷர் உட்கார்ந்து கேட்கிறாரு. வேறென்ன வேணும்?"

ஸ்ரீரங்கம் கிளைக்கு அக்கா போனது ஒரு திருநாளுக்கு மறுநாள். கூடத்தில் நல்ல கூட்டம். பெண்களுக்கென்று ஓரமாக ஒரு திரை தொங்கியது. அதற்கு நேரே உட்கார்ந்திருந்த குமாஸ்தா மைப்பெட்டியை நகர்த்தி, "இங்க வந்து விரலை வைங்கம்மா" என்றார்.

அக்கா சோதித்துப் பார்த்தார். "ஆம்பளைங்க முன்னாடி கையை நீட்டுற பழக்கம் எங்க வீட்ல இல்லீங்க."

"என் கண்ணு முன்னாடி வைக்கணும்மா, அதுதான் சட்டம்."

"அப்போ எனக்குப் பணமே வேணாம், நான் போறேன்." குரலில் ஒரு விசும்பலையும் அக்கா சேர்த்துக்கொண்டார்.

பின்னால் நின்ற ஒரு பெரியவர், "கையை நீட்டாம காசை மட்டும் எப்படி வாங்கிப்பேள்?" என்றார். கூட்டம் சிரித்தது.

குமாஸ்தா சிரிக்கவில்லை. "கொஞ்சம் சும்மா இருங்க சாமி," என்றார் அவரிடம். பிறகு குரலைத் தாழ்த்தி, "அம்மா, சங்கடப்படாதீங்க. மைப்பெட்டியத் திரைக்கு அந்தாண்ட வைக்கிறேன். நான் செவுத்தைப் பார்த்துத் திரும்பிக்கிறேன். வெச்சு முடிச்சதும் மேஜையில ஒரு தட்டுத் தட்டுங்க."

அப்படியே நடந்தது. அக்கா தட்டிய பிறகும் சற்றுப் பொறுத்துத்தான் அவர் திரும்பினார். கைநாட்டுக்குக் கீழே, தம் முன்னிலையில் வைக்கப்பட்டது என்று கையெழுத்துப் போட்டார். விரல் மையைத் துடைக்க ஈரத்துணி ஒன்றும் திரைக்கடியில் வந்தது.

தென்னூரில் அக்கா அன்றைக்குப் பேசியது போல் என்றைக்கும் பேசியதில்லை. இத்தனை நாளும் குறையே சொன்ன வாய், முதல் தடவையாக ஒருவரை மனசாரப் புகழ்ந்தது. அந்தக் குமாஸ்தாவின் குரல், அந்தப் பெரியவரின் கேலி, மேஜையில் தட்டிய தட்டு, எல்லாமே வந்தது. இன்ஸ்பெக்டரின் மனைவிக்குக் கண் கலங்கிவிட்டது. கதவுக்கு அந்தப் பக்கம் மட்டும் சத்தமில்லை.

"அப்போ அவன் பார்க்கலையா?" என்று கேட்டார் இன்ஸ்பெக்டர்.

"பார்க்கவே இல்லீங்க! ஓரக்கண்ணால கூட இல்ல. வேணும்னா சத்தியம் பண்றேன். நல்ல வளர்ப்புங்க."

அவர் வேறொன்றும் கேட்கவில்லை. அக்கா பூரித்துப் போய் வீடு திரும்பினார்.

சில வாரம் கழித்து சவேரியம்மாள் வந்தாள். பாலக்கரைக் கோயில் தெருவில் இருப்பவள். மகள் மாதா கோயிலில் முதன்முதலாக நற்கருணை வாங்கும் புதுநன்மைக்கு வெள்ளைக் கவுன் தைக்கத் துணி கொடுத்திருந்தாள். கவுனுக்குக் கை மட்டும்தான் பாக்கி.

"தைக்க வேணாங்கக்கா. துணியத் திருப்பிக் குடுத்துடுங்க, வித்தாவது பார்க்கிறேன்."

"ஏன், என்ன ஆச்சு?"

"எங்க வீட்டுக்காரருக்கு வேலைய நிறுத்தி வெச்சுட்டாங்க. ஸ்ரீரங்கத்துல பொன்னி பாங்குல குமாஸ்தாவா இருக்காரு, இன்னாசிராஜ்னு பேரு. ஒரு ராவுத்தரம்மா கைநாட்டு வைக்கிறப்போ மரியாதைக்குத் திரும்பிக்கிட்டாராம். பார்க்காததைப் பார்த்தேன்னு கையெழுத்துப் போட்டது மோசடியாம். மோசடின்னு பேர் வந்துட்டா வேற எங்கக்கா வேலை குடுப்பான்?"

அக்கா கேட்டது இது ஒன்றுதான்: "யாரு சொன்னாங்களாம்?"

"கூட்டத்துல நின்ன எவனோ போட்டுக் குடுத்திருக்கான்ங்கிறாரு. அதைவிட அந்தம்மாவுக்கு இதனால ஏதும் தொந்தரவு வந்துடுமோன்னு ஒரே புலம்பல். படிக்காத அம்மாவாம், பாவமாம். நம்ம பொழப்பே நாறிக் கிடக்கு, இவரு யாரோ ஒருத்திக்கு உருகுறாரு!"

துணியை அக்கா திருப்பிக் கொடுக்கவில்லை. கையை மட்டும் தைத்துத் தருகிறேன் என்று சொல்லி அனுப்பிவிட்டார். தைக்கவும் இல்லை. நாங்கள் போனபோது அந்தக் கவுன் மெஷின் மேல் கையில்லாமல் கிடந்தது. மை போய் எத்தனையோ நாளாகியும் இடது கட்டைவிரலைப் புளி போட்டுத் தேய்த்துக்கொண்டே இருந்தார். தோல் உரிந்துவிட்டிருந்தது.

"எனக்குக் கூச்சமே இல்லை தம்பி," என்றார். "அதெல்லாம் நடிப்பு. கையை நீட்ட மாட்டேன்னது நடிப்பு, அழுதது நடிப்பு. என் பொய்யான கூச்சத்துக்காக அந்த மனுஷன் நெசமாத் திரும்பிக்கிட்டாரு. அதைப் போய் நானே வாயால..."

"இன்ஸ்பெக்டர்கிட்ட சொன்னியா?" என்றாள் ஆபிதா.

"மாயவரம் போயிட்டாரு. அங்க பெரிய ஆபீசுல இன்னிக்குச் சாயங்காலம் கூட்டமாம். அதுலதான் இன்னாசிராஜுக்கு முடிவு." அக்கா முதல் தடவையாக என்னை நிமிர்ந்து பார்த்தார். "டெலிபோன்ல பேசினா மாயவரத்துக்குக் கேட்குமா?"

டெலிபோன் இருப்பது ஷேக் தாவூதின் தோல் மண்டியில். அங்கே பேசினால் பாலக்கரை முழுவதும் கேட்கும். பினாங்கு வரை வந்த புரளியை நான் சொன்னேன். மீசைக் கதையைக் கேட்டால் அக்கா சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன்.

"நல்லதாப் போச்சு," என்றார் அக்கா. "மீசை இல்லைன்னு பார்த்துக்கட்டும்."

ஆபிதா துப்பட்டியை எடுத்து அக்காவின் மேல் போட்டாள். நாங்கள் மண்டிக்கு நடந்தோம்.

தோல் கட்டுகளைப் பிரித்துக்கொண்டிருந்த ஆட்கள் பேச்சை நிறுத்தினார்கள். "என்ன மாப்ளே, பொம்பளையாளை மண்டிக்குக் கூட்டிட்டு வந்திருக்கீங்க? சொல்லியனுப்பினா நானே வந்திருப்பேனே," என்றார் ஷேக் தாவூது. மாயவரத்துக்கு அவசரமாகப் பேச வேண்டும் என்றதும் டெலிபோனைக் காட்டினார். எக்ஸ்சேஞ்சில் நான்தான் இங்கிலீஷில் கேட்டேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை, கெஞ்சுவது போல் இருந்தது. காத்திருக்கச் சொன்னார்கள். சற்று நேரத்தில் மணி அடித்தது. குழலை எடுத்து அக்காவிடம் நீட்டினேன்.

துப்பட்டிக்கு மேலேயே காதில் வைத்துப் பார்த்தார். கேட்கவில்லை போலிருக்கிறது. பிறகு துப்பட்டியைத் தலையிலிருந்து தள்ளித் தோளில் போட்டுக்கொண்டார். ஷேக் தாவூது சட்டென்று சுவர்ப் பக்கம் திரும்பினார். ஆட்களும் ஒருவர் பின் ஒருவராகத் திரும்பினார்கள்.

"திரும்பாதீங்க அண்ணே," என்றார் அக்கா. "எல்லாரும் பார்த்துக்கிட்டே கேளுங்க. பார்க்கலைன்னு பின்னால யாரும் சொல்லக் கூடாது. பாங்குக்குப் போய் வேவு பார்த்தவ நான்தான். எனக்குக் கையெழுத்துப் போடத் தெரியும்."

யாரும் அசையவில்லை. ஷேக் தாவூது மட்டும் மெல்லத் திரும்பி, தரையைப் பார்த்தபடி நின்றார்.

குழலில் எக்ஸ்சேஞ்சுக்காரரின் குரல் எனக்கே கேட்டது. "மாயவரத்துல மணி அடிக்குது. யாரும் எடுக்கலை. கட் பண்ணிடவா?"

"வேணாங்க," என்றார் அக்கா. "அடிக்கட்டும்."

குழலைப் பிடித்திருந்த கை முழங்கை வரை வெளியே தெரிந்தது. அவர் அதை மூடிக்கொள்ளவில்லை. தூரத்தில், மிகச் சன்னமாக, மாயவரத்தில் மணி அடித்துக்கொண்டிருந்தது.