சர்வர் அறையில் பதிமூன்று நிமிடம்

இது எனக்கே நடந்தது. கதை கட்டத் தெரிந்திருந்தால், பத்திரிகை ஆபீசில் இருபத்திரண்டு வருடம் காகித உருளை உருட்டியிருக்க மாட்டேன். மாடியில் உட்கார்ந்து எழுதியிருப்பேன்.

நாலு வருடத்துக்கு முன் எங்கள் பேப்பர் அச்சை நிறுத்திவிட்டு முழுக்கப் போனுக்கு மாறியது. நூற்று நாற்பது பேரை வீட்டுக்கு அனுப்பினார்கள். என்னை எடுபிடி வேலைக்கு வைத்துக்கொண்டார்கள். உருளைக் கிடங்கு சர்வர் அறையானது. ஜன்னல் கிடையாது. விரல் வைத்தால்தான் கதவு திறக்கும், உள்ளே போகவும் வெளியே வரவும். என் விரலுக்குத் திறக்காது. உருளை தள்ளியே ரேகை தேய்ந்துவிட்டது. கம்ப்யூட்டர்களைக் கவனிக்கும் சிஸ்டம் மேடம் சிரித்தார்.

“அண்ணே, நீங்க திருடப் போனா ஒருத்தனாலயும் கண்டுபிடிக்க முடியாது.”

எனக்கு மட்டும் ஓர் அட்டை கொடுத்தார்.

அன்று ஞாயிறு. பகல் 2:05. புது பேட்டரிகளை உள்ளே அடுக்க வேண்டும். அட்டையைக் காட்டித் திறந்து, ஒரு பேட்டரியைக் கதவுக்கு முட்டுக் கொடுத்தேன். சட்டையைக் கழற்றி வெளியே ஆணியில் மாட்டினேன். சுமை தூக்குபவனுக்கு அது கைப்பழக்கம். அட்டையும் போனும் சட்டைப் பையில். ஒவ்வொன்றாகத் தூக்கினேன். கடைசியில் முட்டுக் கொடுத்திருந்ததையும் தூக்கிக்கொண்டு உள்ளே வந்துவிட்டேன்.

டக்.

கதவு சாத்திக்கொண்டது. சுவர்க் கடிகாரத்தில் 2:18.

அவசரப் பொத்தானை அழுத்தினேன். பழுது. ஆறு மாதமாக அப்படித்தான். தட்டினேன், கத்தினேன். செய்தி போடுகிறவர்கள் எல்லாம் இப்போது வீட்டிலிருந்தே போடுகிறார்கள். கேட்க ஆளில்லை.

2:24. மை வாடை... இந்தக் கட்டிடத்தில் மை தீர்ந்து நாலு வருடம்.

2:26. தரை அதிர்ந்தது. குர்ர்ர்... உருளை உருளும் சத்தம். எதிர்ச் சுவரிலிருந்து என்னை நோக்கி வந்தது. முதுகுக்குப் பின்னால் நின்றது.

நான் திரும்பவில்லை.

2:30. சைரன். ஒரு பேட்டரி புகைந்தது. புகை கண்டால் அறுபது விநாடியில் தீயணைக்கும் வாயு இறங்கும். உள்ளே இருப்பவன் மூச்சடைத்துச் சாவான்.

கட்டைவிரலைக் கதவின் ரேகைத் தகட்டில் வைத்தேன். சிவப்பு.

இன்னும் முப்பது விநாடி... சிவப்பு.

பத்து...

என் விரல்மேல் இன்னொரு விரல். ஈரமாக... ஜில்லென்று...

என் கையைத் தள்ளிவிட்டுத் தகட்டில் அழுந்தியது.

பச்சை.

2:31. வெளியே விழுந்தேன்.

மறுநாள் மேடம் கதவின் பதிவைத் திறந்து பார்த்தார்.

“அண்ணே, நேத்து தொறந்தது எட்டாம் நம்பர். யாரு அது?”

ஆபீஸ் வருகைப் பதிவில் எட்டாம் நம்பர், எங்கள் உருளை மேஸ்திரி. ஒன்பது வருடத்துக்கு முன், அதே அறையில் உருளை சரிந்து நசுங்கிச் செத்தவர். அந்தக் கதவுக்கு விரல் எந்திரம் வைத்தே மூன்று வருடம்தான் ஆகிறது. சொன்னேன். மேடம் பதிவை மேலும் கீழும் தள்ளிப் பார்த்தார்.

“அவரு உள்ள வந்ததுக்குப் பதிவே இல்லண்ணே. வெளிய போனது மட்டும் இருக்கு.”

எனக்குத் தெரிந்து அன்று அந்தக் கதவைத் தாண்டி வெளியே வந்தது நான் ஒருவன்தான்.