ஈரச் சாக்கும் லேப்டாப்பும்

எட்டாவதோடு நின்ற விவசாயி நான். மீன் பிடிக்கிற கேம் ஒன்று செய்ய ஆசைப்பட்டு, மகளின் லேப்டாப்பில் கோடிங் கற்று வந்தேன்.

அன்று மீன் வரச் சொல்லி எழுதி ஓடவிட்டேன். மீன்கள் வந்துகொண்டே இருந்தன. பிறகு திரை அப்படியே நின்றுவிட்டது. லேப்டாப்பின் அடிப்பக்கம் கொதித்தது, உள்ளே விசிறி இரைந்தது. மகளின் காலேஜ் புராஜெக்ட் முழுக்க அதில்தான் இருந்தது. எல்லாம் அழிந்துவிடுமோ என்று பயந்துபோனேன். பம்புசெட் மோட்டார் சூடானால் ஈரச் சாக்கு போடுவோம். ஓடிப்போய் சாக்கை நனைத்து எடுத்துவந்தேன்.

"நைனா! இன்னா பண்றே? இது இன்னா மோட்டாரா?" மகள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். ஏதோ பட்டனை அழுத்தினாள். சத்தம் அடங்கியது.

"உன் புராஜெக்ட்?"

"பத்திரமா கீது. மீன் வரச் சொன்னியே, எப்ப நிறுத்தணும்னு சொன்னியா?"

சாக்கிலிருந்து தண்ணீர் சொட்டியது. என் கோடிங் எதையும் கெடுக்கவில்லை. பயத்தில் தூக்கிவந்த சாக்குதான் கெடுத்திருக்கும். இப்போதும் திரை நின்றால் பயம் வருகிறது. கையைக் கட்டிக்கொண்டு கொஞ்சம் சும்மா உட்காருகிறேன்.