சுருங்காத பலூன்

கண்ணாடிக் குடுவையின் கழுத்தில் ஒரு சிவப்புப் பலூன் நிற்கும். அதில் ஹைட்ரஜன் வாயு. குடுவைக்குள் கரைசல் சுழலச் சுழல வாயுவைக் குடித்துக்கொண்டே வரும், பலூன் மெல்லச் சுருங்கும். கொடைக்கானலில் ஓர் ஆய்வுக்கூடத்தில் நான் குடுவை கழுவிக்கொண்டிருந்த காலத்தில், அது சுருங்குவதைப் பார்த்துத்தான் பள்ளங்கி கிராமத்துப் பிள்ளை ஒருத்தியின் முகம் மலரும். பூண்டு பயிர் போடுகிற வீட்டுப் பெண். எங்கள் பேராசிரியரிடம் டாக்டர் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தாள்.

நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள். எனக்கும் விளங்குகிற மாதிரி அவள் சொல்வாள். “வலது கை உறையில இடது கையை நுழைச்சுப் பாருங்கக்கா, போகாது. மருந்துலயும் அப்படி ரெண்டு கை உண்டு. ஒண்ணு நோயைத் தீர்க்கும், இன்னொண்ணு வீண். இந்தப் பொடி இரட்டைப் பிணைப்புல ஹைட்ரஜனை ஒரே பக்கமாச் சேர்க்கும். நமக்கு வேண்டிய கை மட்டும் வரும்.” ரோடியம் என்கிற உலோகத்தையும் பாஸ்பீன் என்கிற ரசாயனத்தையும் சேர்த்து, ஒரு மழைக்காலம் முழுக்க உட்கார்ந்து அவளே செய்த ஆரஞ்சுப் பொடி அது. காற்றுப் பட்டால் கெட்டுப்போகும்; அப்புறம் கரைசல் வாயுவைக் குடிக்காது. நைட்ரஜன் நிரப்பிய பெட்டிக்குள் கையை விட்டுத்தான் பொடிச் சீசாவைத் திறப்பாள்.

நான் கழுவிய குடுவையை வெளிச்சத்தில் திருப்பிப் பார்க்கிற பழக்கம் அவளுக்கு. ஒருநாள் எல்லார் முன்னாலும், “இதை இன்னொருக்கா கழுவிருங்கக்கா” என்றாள். இருபது வருடம் கழுவிய கை என்னுடையது. வாங்கிக் கழுவினேன்.

அவள் ஊருக்குப் போயிருந்த நாளில் பேராசிரியரைப் பார்க்க விருந்தாளிகள் வந்தார்கள். அவர் சீசாவை மேசைமேல் வைத்து மூடியைத் திறந்து, “நான் செஞ்சது” என்று காட்டினார். நான் டீத் தட்டோடு நின்றேன். அவர்கள் பேசி முடிக்கிறவரை சீசா திறந்தே கிடந்தது.

மறுவாரம், அவள் எழுதிய முடிவு நிஜம்தானா என்று பார்க்க வெளியிலிருந்து ஒரு பெரியவர் வந்தார். அவர் முன்னால் அவள் அந்தப் பொடியைப் போட்டுச் செய்து காட்டினாள். பலூன் சுருங்கவில்லை. சாயங்காலம்வரை அப்படியே விறைத்து நின்றது.

“பொய்யா எழுதி என் பேரைக் கெடுத்துட்டியே. பூண்டு உரிக்கிறவளுக்கு எதுக்கு இந்தச் சோலி?” என்றார் பேராசிரியர்.

“யாரோ சீசாவைத் தொறந்திருக்காங்க சார்” என்று அழுதாள்.

அவர் என் பக்கம் திரும்பினார். “எந்நேரமும் இங்கதானம்மா கெடக்க. யாராச்சும் தொறந்தாங்களா?”

“ஒருத்தரும் தொறக்கலைங்க.”

பயந்து சொன்னதாக யாரும் நினைக்க வேண்டாம். அவருக்குப் பயப்படுகிறவள் இல்லை நான். வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாளே, அந்தக் குடுவைக்காகச் சொன்னேன். பொய்க்காரி என்று சொல்லி அன்றைக்கே அவளை வெளியேற்றினார்கள்.

போன மாதம் ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் அவளைப் பார்த்தேன். சாக்கை விரித்துப் பூண்டு விற்றுக்கொண்டிருந்தாள். தலை பாதி நரைத்திருந்தது. என்னைக் கண்டதும் எழுந்து நின்று, நல்ல பூண்டாகப் பொறுக்கி என் பையில் போட்டாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்:

“இன்னமும் அதையேதான் யோசிக்கேன்க்கா. நான்தான் என்னிக்கோ மூடியைச் சரியா மூடாம விட்டுருப்பேன் போல.”

“இருக்கும் தாயி” என்றேன்.